ரூபாயின் விலையும் ஒரு வர்த்தகரும்

ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸைத் தேசபக்தர் வரிசையில் வைக்க நம்மில் பலர் தயங்குவர். தயக்கத்திற்குக் காரணமும் உண்டு. 1920ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, அதனை எதிர்த்துப் பம்பாயில் அமைந்த சங்கத்தில் முன்னின்றவர் அவர். சர்க்கார் அளித்த பட்டத்தையும் ஏற்றவர். ஆயினும் 1926ல் அவர் செய்த ஒரு காரியத்தை மறப்பது நியாயமாகாது.

1879ல் பிறந்த இவர், கல்லூரிப் படிப்பு முடிந்ததும் நாரணதாஸ் ராஜாராம் கம்பெனி என்னும் குடும்பப் பருத்தி வியாபாரத்தில் புகுந்தார். 1923ல் இந்திய சட்டசபைக்குச் சென்றபோது, பஞ்சுப் பொதியின் விலை இறங்கினால் குடியானவன் வீட்டில் என்ன நேரும் என்பதை அறிந்தே சென்றார்.

1925ல் நாணய விஷயத்தை விசாரிக்க ஹில்டன் யங் தலைமையில் ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. இவரும் அதில் ஓர் அங்கத்தினர். யுத்தத்திற்கு முன் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்த விகிதத்தை 1 ஷில்லிங் 6 பென்ஸாக நிலைநிறுத்த வேண்டுமென்றனர் மற்றவர் அனைவரும். அவர்களுள் இந்தியரும் இருந்தனர். தாகூர்தாஸ் ஒருவரே மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினார்.

இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு பவுன் பெறுமான பருத்தி சீமைக்குப் போனால் பழைய விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை. நிலவரியோ, லேவாதேவிக்காரனுக்குத் தரவேண்டிய கடனோ ஒரு தம்பிடியும் குறையாது. சீமைத் துணியோ மலிவாக வந்து இறங்கும். லண்டனுக்கு அனுப்பும் தொகையில் சர்க்காருக்கும் மிச்சம். விலைவாசியும் கூலியும் புதிய விகிதத்திற்கு இணங்கிவிட்டன என்று மெஜாரிடியார் வாதித்தனர். இணங்கவில்லை என்றார் தாகூர்தாஸ். பருத்தி வியாபாரிக்கு இதில் சொந்த லாபமும் உண்டே எனலாம். உண்டுதான், அதனால் குடியானவனது நஷ்டம் பொய்யாகிவிடாது.

1927 மார்ச்சில் விஷயம் சட்டசபைக்கு வந்தது. சிறை சென்று மீண்ட காங்கிரஸ்காரரும் பட்டம் தரித்த இவ்வர்த்தகரும் ஒரே பக்கம் நின்றனர். ஆயினும் மிகச் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் சர்க்கார் வென்றது.

பின்னர் 1935ல் தோன்றிய ரிசர்வ் வங்கியில் டைரக்டரானார். 1944ல் வெளிவந்த பம்பாய்த் திட்டத்திலும் கையொப்பமிட்டார். 1961ல் காலமானார். அவர் எதிர்த்த 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதமோ சுதந்திரத்திற்குப் பின்னும் நீடித்து, 1966 ஜூனில்தான் மாறியது.