அனுப்பக் கூடாத சாவி

இரவு பத்து மணி தாண்டியிருந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பினார். மறுநாள் காலையிலிருந்து அவர் சர்வரில் வேலை பார்க்க வேண்டும். அதற்காக அவருடைய ‘பப்ளிக் கீ’யைக் கேட்டிருந்தேன். கோப்பைத் திறந்ததும் முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: ‘பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ’. பொதுச்சாவிக்குப் பதிலாகத் தனிச்சாவியை அனுப்பியிருந்தார்.

உடனே போன் செய்தேன். “தம்பி, இந்தச் சாவி இனிமே வேண்டாம். அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு உருவாக்குங்க.”

“உங்களுக்கு மட்டும்தானே சார் அனுப்பினேன்? மெசேஜை டெலீட் பண்ணிட்டா போதாதா?”

போதாது. அதற்குள் அந்தக் கோப்பு அவருடைய போனிலும் என்னுடைய போனிலும் பதிவாகிவிட்டது. பேக்கப்பிலும் போய் உட்கார்ந்திருக்கலாம். எத்தனை நகல்கள், எங்கெங்கே என்று எங்கள் இருவராலுமே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் போன கணத்திலேயே அது தனிச்சாவி என்ற தகுதியை இழந்துவிட்டது.

தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்க உலகம் முழுவதும் பயன்படும் வழிமுறை எஸ்எஸ்எச். இது பிறந்ததே ஒரு களவில் இருந்துதான். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் அதில் சேர்ந்திருந்தன. அப்போது புழக்கத்தில் இருந்த டெல்நெட் என்ற தொலைநுழைவு முறையில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் பயணிக்கும். வழியில் காத்திருப்பவருக்கு அதை எழுதிக்கொள்வது மட்டுமே வேலை. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென், உரையாடல் முழுவதையும் மறையாக்கம் செய்யும் நிரலை எழுதி அதே ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இணையத்தில் வாசல் எண்கள் இருந்தன. இடையில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார். இன்றும் எஸ்எஸ்எச்சின் வாசல் எண் அதுதான். 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் வெளியிட்ட ‘ஓப்பன்எஸ்எஸ்எச்’ நிரலே இப்போது பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது.

மறையாக்கம் வந்துவிட்டதே, பாஸ்வேர்டே போதாதா என்று கேட்கலாம். பாஸ்வேர்டு வழியில் களவு போகாவிட்டாலும், எதிர்முனையில் இருக்கும் சர்வரின் கையில் முழுதாகப் போய்ச் சேர்கிறது. அந்த சர்வர் போலியாக இருந்தாலோ, திருடர் வசம் சிக்கியிருந்தாலோ பாஸ்வேர்டும் அவர்களுக்குத்தான். ரகசியத்தைச் சொல்லி உள்ளே நுழையும் எந்த ஏற்பாட்டிலும் இந்தப் பலவீனம் இருக்கும்.

ரகசியத்தைச் சொல்லாமலே அது நம்மிடம் இருப்பதை நிரூபிக்க முடியுமா? முடியும் என்ற பாதையை 1976-ல் மறையாக்க ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் திறந்து வைத்தார்கள். நம் கணினியில் ஒன்றோடொன்று கணக்கால் பிணைந்த இரண்டு சாவிகளை உருவாக்குகிறோம். பொதுச்சாவியை சர்வரில் பதிந்து வைக்கிறோம். தனிச்சாவி நம்மிடமே இருக்கிறது. நுழையும்போது இரு தரப்பும் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் உரிய அடையாள எண் ஒன்றை உருவாக்குகின்றன. அந்த எண்ணை உள்ளடக்கிய செய்தியில் நம் கணினி தனிச்சாவியால் கையெழுத்திடுகிறது. கையெழுத்து சரியா என்று பொதுச்சாவியை வைத்து சர்வர் சோதிக்கிறது. அவ்வளவுதான். தனிச்சாவி நம் கணினியைத் தாண்டவே இல்லை. கையெழுத்தை யாராவது பிடித்து வைத்தாலும் அடுத்த இணைப்பின் எண் வேறு என்பதால் அது செல்லாது.

இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் சாவி வகை ‘எட்25519’. டேனியல் பெர்ன்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்டது. இதன் தனிச்சாவியின் மூலவிதை 32 பைட்டுகள்தான், அதாவது 256 பிட்டுகள். பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கணக்கிட்டுப் பிடிப்பது இன்றைய கணினிகளுக்கு எட்டாத வேலை.

அப்படியானால் சாவிகள் எப்படிப் பறிபோகின்றன? நடந்த சம்பவங்களைப் பாருங்கள். 2006-ல் டெபியன் லினக்ஸின் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைத் திரட்டிக் கலக்கும் வரிகள் அவை. அதன்பின் தற்செயலாக மிஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் ஒன்றே. அது 32,768-ஐத் தாண்டாது. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியங்களே இருந்தன. அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதம் இது வெளிவந்தபோது, டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

2024 ஏப்ரலில் இன்னொன்று. விண்டோஸில் நம் ஊர் நிர்வாகிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ‘புட்டி’ என்ற எஸ்எஸ்எச் நிரலில், ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். பி-521 என்ற சாவி வகையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் 521 பிட் நீளத்தில் ஒரு ரகசிய எண் வேண்டும். புட்டி அதை 512 பிட் தரும் கணக்கிலிருந்து எடுத்தது. ஆகவே முன்னால் இருக்கும் 9 பிட்டுகள் எப்போதும் சுழியமாகவே இருந்தன. அந்தச் சிறு கசிவு போதும். சுமார் 60 கையெழுத்துகளைச் சேகரித்தால் தனிச்சாவியையே கணக்கிட்டுவிடலாம். 0.81 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். ஆனால் பழைய பதிப்பில் பயன்படுத்திய பி-521 சாவியைப் புதிய பதிப்பு காப்பாற்றாது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

இவை நிரலில் நேர்ந்த பிழைகள். கவனக்குறைவும் அதே அளவு சேதம் செய்யும். 2023 மார்ச் 24 அன்று நிரல் களஞ்சியங்களை நடத்தும் கிட்ஹப் நிறுவனம், தன் சர்வரின் அடையாளமான ஆர்எஸ்ஏ வகைத் தனிச்சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டது என்று அறிவித்துச் சாவியை மாற்றியது. தவறாகப் பயன்பட்டதற்குச் சான்று கிடைத்த பிறகு செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அன்று அந்த இளைஞரிடம் நான் சொன்னதும் அதே விதிதான். வெளியே போன சாவிக்குச் சந்தேகத்தின் பலனைத் தரக் கூடாது.

போனிலேயே அவரோடு பேசியபடி புதுச் சாவியை முறையாக உருவாக்கினோம். எங்கே பயன்படுத்தப் போகிறோமோ அந்த லேப்டாப்பிலேயே உருவாக்கினோம். சாவிக் கோப்பைப் பூட்டும் கடவுத்தொடரை நிரல் கேட்டபோது அவர் வழக்கம்போல் எண்டர் தட்டப் போனார். தடுத்தேன். வெறுமனே விட்டால் கோப்பை நகலெடுத்தவர் எல்லாருக்கும் சாவி சொந்தம். கடவுத்தொடர் இருந்தால் கோப்பு பூட்டியே கிடக்கும். ஒவ்வொரு யூகத்தையும் சோதிக்க நேரம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பூட்டை ஓப்பன்எஸ்எஸ்எச் வேண்டுமென்றே மெதுவாகத் திறக்கும்படி வைத்திருக்கிறது. நான்கைந்து சொற்களைச் சம்பந்தமில்லாமல் கோத்த நீளமான தொடர் நல்லது.

பிறகு கோப்பின் அனுமதி எண்ணை 600 ஆக்கினோம். உரியவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம் என்று பொருள். அதே கணினியில் மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு அந்தச் சாவியைத் தொடவே மறுத்துவிடும். பலர் இந்த எச்சரிக்கையைத் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பொறுப்பான காவலாளியின் குரலாகவே கேட்கிறது.

நாளெல்லாம் கடவுத்தொடரைத் தட்ட வேண்டாம். ‘ஏஜென்ட்’ என்ற துணை நிரல் சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கையெழுத்து மட்டும் போட்டுத் தரும். சாவியைத் தராது. ஆனால் இந்த ஏஜென்ட்டை வேறு சர்வர்கள் வழியாகத் தொடர விட்டால், அங்கே ஊடுருவியவர் நம் பெயரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். 2019-ல் செய்திப் பரிமாற்றத்துக்கான மேட்ரிக்ஸ் அமைப்பின் சர்வர்களில் ஊடுருவியவர்கள் இந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். இன்னும் உறுதி வேண்டுவோர் விரல் நுனி அளவிலான யுஎஸ்பி பாதுகாப்புக் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் இதற்கு வசதி உண்டு. கருவியைத் தொடாமல் கையெழுத்து விழாது.

பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கிளவுட் சர்வரைத் தொடங்கும்போது இறக்கிக்கொள்ளும் ‘பெம்’ கோப்பை புராஜெக்ட் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெம் கோப்பும் தனிச்சாவிதான். நான்கு பேர் என்றால் நான்கு சாவிகள் உருவாக்குங்கள், நான்கு பொதுச்சாவிகளை சர்வரில் சேருங்கள். ஒருவர் லேப்டாப் தொலைந்தால் ஒரு வரியை நீக்கினால் போதும், மற்ற மூவர் வேலையும் நிற்காது.

அந்த ஒரு வரி எனக்கு முக்கியம். சர்வரில் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ என்ற கோப்பில் வரிக்கு ஒரு பொதுச்சாவி இருக்கும். சாதாரணமாக அவற்றுக்குக் காலாவதி கிடையாது. வேலையை விட்டுப் போனவருடைய வரி, யாரும் நீக்காதவரை, ஆண்டுக்கணக்கில் கதவைத் திறந்துகொண்டே இருக்கும். வரியின் கடைசியில் பெயரும் கணினியும் குறிக்கலாம். குறிக்காத வரி யாருடையது என்று பின்னால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாக “இது யார்?” என்று கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அன்று இரவு பதினொன்றரைக்கு அந்த இளைஞரிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. ஒரே ஒரு வரி, கடைசியில் அவர் பெயரும் லேப்டாப்பின் பெயரும். அதை அப்படியே எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, கடைசி நாள் மாலை என் மேசைக்கு வந்து, “சார், என் வரியை எடுத்துட்டீங்களா?” என்று அவரே கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன்.