பச்சிளங் குழந்தைகளின் பேதியும் ரோட்டா வைரஸும்

1973-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், பேதியால் வாடிய சிசுக்களின் சிறுகுடலிலிருந்து இம்மியளவு சதையெடுத்து, ரூத் பிஷப் அம்மையாரும் சகாக்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பரிசோதித்தபோது, அதுகாறும் புலப்படாதிருந்த கிருமிகள் திரள்திரளாகத் தென்பட்டன. ரோட்டா வைரஸ் என்னும் அக்கிருமி, குடலின் உட்சுவரைச் சிதைத்து, பருகியதெல்லாம் உடலில் சேராமல் நீராய்க் கழியும்படி செய்துவிடுகிறது. கண் குழிந்து, நா வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெல்லவே மறையும் நிலையைக் குழந்தை எய்துமாயின், அபாயம் நெருங்கிவிட்டதென்பது திண்ணம்.

"பல் முளைக்கிறது, அதுதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அன்பினால் சொல்வதேயாயினும், அதைக் கேட்டு வாளாவிருத்தல் தகாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸிடம் பலியா. தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகப் புகட்டுவதும், வைத்தியர் சொற்படி துத்தநாக மாத்திரை கொடுப்பதுமே உயிர் காப்பன.

சுத்தம் அவசியமே, எனினும் சுத்தமான இல்லங்களிலும் இந்நோய் புகுந்துவிடுவதால், தடுப்பு மருந்தே பிரதானம். டில்லியில் ஒரு சிசுவிடம் கண்டெடுத்த சாதுவான ரோட்டா வைரஸைக் கொண்டே நம் தேசத்து ரோட்டாவாக் மருந்து உருவாயிற்று. பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே புகட்டப்படுகிறது. தாய்மார்கள் தவணை தவறாமல் குழந்தையை அழைத்துச் செல்க.