வீட்டு மரத்தையும் பெயர்த்துக்கொண்டு...

ஊரைவிட்டுக் கிளம்பும்போது சட்டி பானையை மூட்டை கட்டுவோம். வீட்டில் பொருத்தியிருக்கும் மரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போவோமா?

கி.மு. 431-ல், கிரேக்க நகரமான ஏதென்ஸைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் அப்படித்தான் போனார்கள். பகை நகரமான ஸ்பார்ட்டாவின் படை வருகிறது, எல்லோரும் மதிலுக்குள் வந்துவிடுங்கள் என்று தலைவர் பெரிக்ளிஸ் சொல்லிவிட்டார். ஆடு மாடுகளைப் பக்கத்து யூபியா தீவுக்கு அனுப்பினார்கள். பெண்டு பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான்களோடு வீட்டு மரங்களையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தார்கள். இதை எழுதிவைத்தவர், அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ்.

ஏதென்ஸ் என்றதும் நமக்குத் தத்துவமும் பளிங்குக் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் குடிமக்களில் பெரும்பாலோர் அதுவரை கிராமங்களில்தான் வாழ்ந்தார்கள்! நகரத்தில் அண்டுவதற்குச் சொந்தபந்தம் இருந்தவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் கோயில்களிலும், மதில் கோபுரங்களிலும், காற்றுப் புகாத குடிசைகளிலும் முடங்கினார்கள். மறு ஆண்டே கொள்ளைநோய் வந்தது. வந்து ஒண்டியிருந்த இந்தக் கிராமத்து மக்களைத்தான் அது ரொம்பவும் வாட்டியது, பாவம்.

கிராமத்தை நினைத்து அவர்கள் பட்ட ஏக்கம் நாடக மேடையிலும் ஏறியது. அரிஸ்டோபனீஸ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஒரு விவசாயி நகரத்தை வெறுத்துப் பேசுகிறார். கரியும் எண்ணெயும் வினிகரும் ஊரிலேயே கிடைக்கும், காசு கொடுத்து வாங்கியதே இல்லை. இங்கேயோ எதை எடுத்தாலும் விலைதான் என்று அலுத்துக்கொள்கிறார்.