சாவிக்கொத்தின் கனம்

பூஜப்புரை என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, விஜயதசமியன்று வேளிமலை முருகன் வெள்ளிக் குதிரையில் எழுந்தருளும் மண்டபம். மற்றது, மத்திய சிறை. சிறை என்றால் முன்பு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயம். இப்போது ஜெயில் சப்பாத்தியும் கறியும் வாங்க வரிசையில் நிற்கிறோம். கைதிகள் சுட்ட சப்பாத்தியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த அடுப்படியிலும், தறிக்கூடத்திலும், இரவில் அறை வாசலிலும் நின்று கண்காணிக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் எத்தனை பேர், என்ன சம்பளம், எப்போது பதவி உயர்வு என்பதைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

இந்தச் சிறை 1886-இல், திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் கட்டப்பட்டது. நாகர்கோவிலும் தக்கலையும் அப்போது இதே சமஸ்தானத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் பிறகு ஒரே சமஸ்தானத்துச் சிறைக் காவலர்கள் இரண்டு மாநிலங்களின் சம்பளப் பட்டியலுக்குள் போய்விட்டார்கள். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

மேற்பார்வையாளர் என்பவர் யார்?

பழைய நாளில் வார்டர், ஹெட் வார்டர், அசிஸ்டன்ட் ஜெயிலர் என்று படிகள் இருந்தன. கேரளத்தில் இன்று வார்டருக்கு அசிஸ்டன்ட் பிரிசன் ஆபீசர் என்று பெயர். ஹெட் வார்டர் டெபுடி பிரிசன் ஆபீசர் ஆகிவிட்டார். அவர்களுக்கு மேலே அசிஸ்டன்ட் சூப்பிரண்டு, அதற்கும் மேலே டெபுடி சூப்பிரண்டு, சூப்பிரண்டு. காட்டாக்கடை பக்கம் நெட்டுகால்தேரியில் 1962 முதல் நடந்துவரும் திறந்தவெளிச் சிறையில் 'சூப்பர்வைசர்' என்றே ஒரு பதவி உண்டு.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேங்மேன் பத்துப் பேருக்கு ஒரு மேட் இருப்பார். இன்ஸ்பெக்டர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், மேட் சரியில்லை என்றால் லைன் சரியிருக்காது. சிறையில் அந்த மேட் தான் டெபுடி பிரிசன் ஆபீசர். மாலை லாக்கப்பின்போது தலை எண்ணுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, கம்பியைத் தட்டிப் பார்ப்பது, யார் முகம் வாடியிருக்கிறது, யார் சாப்பிடவில்லை என்று கவனிப்பது, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் சிறை முழுவதும் அப்படியே நிற்கும்.

ஆறு பேருக்கு ஒருவர்

இத்தனை கைதிகளுக்கு இத்தனை காவலர் என்று ஒரு கணக்கு உண்டு. 1980 முதல் 1983 வரை நீதிபதி ஏ.என். முல்லா தலைமையில் நாட்டின் சிறைகளை ஆராய்ந்த குழு, ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்றது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் டியூட்டி ரோஸ்டர் போட்டுப் பழகியவர்களுக்கு உண்மை தெரியும்.

ஒரு காவல் இடத்தில் இரவு பகல் ஆள் நிற்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம் ஆகிறது. ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று வைத்தால் மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி இவற்றுக்கும் ஆள் ஒதுக்கினால் நாலரை ஆகிவிடும். ஆக, 600 கைதிகளுக்கு 100 காவலர் முழுமையாக இருந்தாலும், எந்த ஒரு நேரத்திலும் உள்ளே நிற்பவர் சுமார் 22 பேர்தான். ஒருவர் பார்வையில் 27 கைதிகள்! சட்டம் பிழையில்லாமல் நடந்தாலே இந்த நிலை.

நடைமுறை வேறு. 2019 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகள் அனைத்திலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 87,599. வேலையில் இருந்தவர்கள் 60,787. அதாவது பத்தில் மூன்று நாற்காலி காலி. அதே நாளில் சிறைகளில் இருந்தவர்கள் 4,78,600 பேர். இடமோ 4,03,739 பேருக்குத்தான். 2022 இறுதியில் கைதிகள் 5,73,220 ஆகிவிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 75-க்கு மேல் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள்.

காலியிடத்தின் பாரம் எங்கே விழும்? பத்துக் காவல் இடங்களுக்கு 45 பேர் வேண்டிய இடத்தில் 31 பேர் இருந்தால், ஒருவரும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காவிட்டாலும் ஒன்பது இடம்கூட நிரம்பாது. அப்போது மேற்பார்வையாளர் என்ன செய்வார்? ரோந்து போக வேண்டியவர் தாமே ஒரு வாசலில் நின்றுவிடுவார். அவரை மேற்பார்வை செய்ய யாரும் இல்லை; அவரும் மேற்பார்வை செய்வதில்லை.

ஒன்பது மணி நேரம் யாருக்கு?

1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, உழைப்புத் தண்டனை பெற்ற கைதியை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தக் கைதியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அதே சட்டத்தில் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. அனுமதியின்றி இடத்தைவிட்டுப் போகக் கூடாது என்று மட்டும் இருக்கிறது. கேரளம் 2010-இல் தனக்கென்று புதிய சிறைச் சட்டம் செய்துகொண்டது. ஆனாலும் ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் வந்து டியூட்டி பார்க்காது.

ரயில்வேயில் நிலைமை வேறு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 132-ஆவது பிரிவு, வேலையின் கடுமையைப் பார்த்து வாரத்துக்கு 45, 54, 75 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இடைவிடாத கவனம் தேவைப்படும் வேலைக்குத்தான் 45 மணி நேரம். சிக்னல் கேபினில் இருப்பவர் களைத்துப்போனால் வண்டி மோதும் என்று சர்க்காருக்குத் தெரியும். சிறை வாசலில் நிற்பவர் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பது சமீபத்தில்தான் கண்ணூரில் தெரிந்தது.

கண்ணூரில் நடந்தது

2011 பிப்ரவரியில் எர்ணாகுளம் – ஷொர்ணூர் பாசஞ்சர் வண்டியில் சௌம்யா என்ற இளம்பெண் தாக்கப்பட்டு இறந்ததை யாரும் மறக்க முடியாது. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த கோவிந்தசாமி, 2025 ஜூலை 25 அதிகாலையில் கண்ணூர் மத்திய சிறையிலிருந்து தப்பினான். ஒரு கை மட்டுமே உள்ளவன், கம்பியை அறுத்து, துணியைக் கயிறாக்கி, மதிலைத் தாண்டினான். சில மணி நேரத்துக்குள் ஒரு கிணற்றிலிருந்து பிடித்துவிட்டார்கள். ஊழியர் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சி.என். ராமச்சந்திரன் நாயர், முன்னாள் போலீஸ் தலைவர் ஜேக்கப் புன்னூஸ் ஆகிய இருவரையும் விசாரிக்கச் சொல்லி அரசு நியமித்தது.

தவறு செய்தவர் தண்டனை பெற வேண்டியதுதான். ஆனால் கம்பி ஒரே இரவில் அறுபடுவதில்லை. தினமும் தட்டிப் பார்க்க வேண்டிய கம்பியைத் தட்ட நேரமும் ஆளும் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. தண்டவாளம் விரிசல் விட்டால் கீமேனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, அவர் நடக்க வேண்டிய தூரத்தை அளக்காமல் விட முடியுமா?

சம்பளக் கணக்கு

கேரளத்தில் 2019 ஜூலை 1 முதல் அமலான ஊதியத் திருத்தத்தின்படி, அசிஸ்டன்ட் பிரிசன் ஆபீசரின் சம்பள விகிதம் ரூ. 27,900 – 63,700. போலீஸில் சேரும் கான்ஸ்டபிளுக்கு ரூ. 31,100 – 66,800. ஆரம்பத்திலேயே அடிப்படைச் சம்பளத்தில் ரூ. 3,200 வித்தியாசம். அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கு என்பதால் வித்தியாசம் இன்னும் கூடும்.

எல்லை தாண்டினால் கதை வேறு. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் மூவருக்கும் ஒரே தேர்வு, ஒரே சம்பள விகிதம்: ரூ. 18,200 – 67,100. தொடக்கத் தொகை குறைவாகத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம். இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு ஆண்டுகளின் விலைவாசியை அடிப்படையாக வைத்தவை, அகவிலைப்படியும் வேறு. கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, சமத்துவத்தை. பாளையங்கோட்டைச் சிறையில் சேரும் பையன் போலீஸ்காரருக்குச் சமம். பூஜப்புரையில் சேரும் பையன் ஒரு படி கீழே. சிறை ஊழியருக்குப் போலீஸுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று முல்லா குழு அப்போதே சொல்லியிருந்தது.

கிரேடு வரும், நாற்காலி வராது

மேற்பார்வைப் படிக்கு ஏறுவது இன்னும் சிரமம். மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். அசிஸ்டன்ட் சூப்பிரண்டு பதவிக்கு பி.எஸ்.சி. மூலம் நேரடியாகவும் ஆள் எடுக்கிறார்கள். படித்த இளைஞர்கள் வருவது நல்லதுதான். ஆனால் இருபது ஆண்டு வாசல் காத்தவருக்கு வழி குறுகுகிறது. இதற்கு மருந்தாக 8, 15, 22 ஆண்டுகளில் 'ஹையர் கிரேடு' தருகிறார்கள். சம்பளம் கொஞ்சம் உயரும். ஆனால் வேலை அதே வேலைதான். வீட்டுக்கு அது உதவும். சிறைக்கு உதவாது. ஏனென்றால் அங்கே குறைவது அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் எண்ணிக்கை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறை அதிகாரிகளுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. அதற்கு ஈடாக 2001-இல் அவர்களுக்கென்றே ஒரு தனிச் சம்பள ஆய்வுக் குழு ஏற்படுத்தினார்கள். சூப்பர்வைசிங் ஆபீசர், கஸ்டோடியல் மானேஜர் என்று மேற்பார்வைக்கே இரண்டு படிகள், தனித்தனிச் சம்பளம். அங்கேயும் ஆள் பற்றாக்குறை இல்லாமல் இல்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியும் உடல் தகுதியும் இருந்தால் இந்த வேலைக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். பயிற்சி நிலையம் பூஜப்புரையிலேயே இருக்கிறது. மேல் பதவிகளில் உள்ளவர்களுக்கு 1979 முதல் வேலூரில் இயங்கும் சிறை நிர்வாக அகாடமியிலும் பயிற்சி உண்டு. தமிழும் மலையாளமும் அறிந்த காவலர் எல்லையோரச் சிறைக்கு வரப்பிரசாதம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றுகூடக் கேட்கத் தெரியாமல் விழிக்கும் தமிழ்க் கைதிக்கு அவரே பாதி வக்கீல்.

அரசு செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. காலியிடத்தை நிரப்ப வேண்டும். அடுத்த ஊதியத் திருத்தத்தில் சிறைக் காவலரைப் போலீஸுக்குச் சமமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் வாசலில் கட்டிப்போடாத ஒரு மேற்பார்வையாளர் நடமாட வேண்டும். கைதி திருந்தி வெளியே வர வேண்டுமானால், உள்ளே அவனிடம் நிதானமாகப் பேச ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும். இரவு முழுவதும் தூங்காமல் நின்றவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்த முறை சப்பாத்திப் பொட்டலம் வாங்கும்போது, கவுண்டருக்குப் பின்னால் காக்கி உடையில் நிற்பவரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள்.