பூமியின் ஓட்டத்திற்கு ஒரு சான்று

பூமி சூரியனைச் சுற்றி வருகின்றது என்பதை இன்று தொடக்கப் பள்ளியில் பயிலும் சிறுவரும் கூறுவர். ‘அதற்குச் சான்று யாது?’ என்று வினவினால் பெரியோரும் சற்றே தயங்குவர். காலையில் கிழக்கே எழுந்து மாலையில் மேற்கே மறையும் ஞாயிற்றைத்தான் நம் கண்கள் காண்கின்றன. காலடியில் உள்ள நிலமோ அசைவின்றிக் கிடக்கின்றது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விரைவில் நாம் விண்வெளியில் கொண்டு செல்லப்படுகின்றோம் என்பதை உணர்த்தும் அறிகுறி ஒன்றும் நம்மைச் சுற்றிக் காணப்படுவதில்லை. கோப்பர்னிக்கஸ் என்னும் அறிஞர் 1543-ஆம் ஆண்டில் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். அதற்கு நேரான சான்று கிடைக்க ஏறத்தாழ நூற்றெண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அச்சான்று கிடைத்த வரலாறு சுவை மிக்கது. ஏனெனில், அதனைக் கண்டவர் தேடிச் சென்ற பொருள் வேறு. அவர் கையில் அகப்பட்ட பொருள் வேறு.

தேடிச் சென்ற பொருள் யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். உங்கள் சுட்டுவிரலை முகத்திற்கு நேராக நிறுத்தி, இடக்கண்ணை மூடி வலக்கண்ணாலும், பின்பு வலக்கண்ணை மூடி இடக்கண்ணாலும் பாருங்கள். விரல் அசையாதிருப்பினும், எதிர்ச்சுவரில் அஃது இடம் பெயர்வது போலத் தோன்றும். விரலைத் தொலைவில் நீட்ட நீட்ட அப்பெயர்ச்சி குறைந்துகொண்டே போகும். இதனை இடமாறு தோற்றம் என்பர். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையாயின், டிசம்பர் மாதத்தில் நாம் நிற்கும் இடத்திற்கும் ஜூன் மாதத்தில் நிற்கும் இடத்திற்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் தொலைவு உண்டு. அவ்விரண்டு இடங்களும் நமக்கு இரண்டு கண்கள் போன்றவை. அங்ஙனமாயின், விண்மீன்களும் ஆண்டுதோறும் சிறிது இடம் பெயர்வனபோலத் தோன்றவேண்டும் அன்றோ?

தொலைநோக்கி தோன்றுவதற்கு முன்பே டைக்கோ பிராகி என்னும் டென்மார்க்கு நாட்டு வானநூலார் இப்பெயர்ச்சியைத் தேடினார்; காணவில்லை. ஆதலின், பூமி நகர்வதில்லை என்றே அவர் முடிவு செய்தார். கோப்பர்னிக்கஸின் கொள்கையை ஏற்றவர்களோ, விண்மீன்கள் மிகமிகத் தொலைவில் இருப்பதால் பெயர்ச்சி கண்ணுக்குப் புலப்படவில்லை என்றனர். இவ்விடை சரியானதே. ஆயினும், வழக்கு மன்றத்தில் சாட்சி வாராமைக்குக் காரணம் கூறுவது போன்றதே அது. சாட்சி வந்ததாக ஆகாது. 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் தம் பெருநூலை வெளியிட்ட பிறகு, கற்றோருள் பலர் பூமியின் ஓட்டத்தை ஐயமின்றி ஏற்றனர். ஆனால், வானத்தை நோக்கி, ‘இதோ காணுங்கள்’ என்று சுட்டிக்காட்ட அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

இக்குறையைப் போக்க எண்ணியவர் சாமுவேல் மாலினோ என்னும் செல்வர். இலண்டனுக்கு அருகே கியூ என்னும் ஊரில் அவருக்கு ஒரு மாளிகை இருந்தது. இராபர்ட் ஹூக் என்பார் 1669-ஆம் ஆண்டில் தம் இல்லத்தின் கூரையில் துளையிட்டு, நேர் மேலே செல்லும் ஒரு விண்மீனைச் சில இரவுகள் நோக்கி, இடமாறு தோற்றத்தைக் கண்டுவிட்டதாக எழுதியிருந்தார். சில இரவுகளின் அளவைக் கொண்டு பிறர் நிறைவு கொள்ளவில்லை. அதே விண்மீனை மேலும் நுட்பமான கருவியால் ஆண்டு முழுவதும் நோக்க வேண்டும் என்று மாலினோ விரும்பினார். அவர் தமக்குத் துணையாக அழைத்துக்கொண்ட நண்பரே ஜேம்ஸ் பிராட்லி.

பிராட்லி 1693-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருக்கு வானநூல் பயிற்றியவர் அவருடைய தாய்மாமன் ஜேம்ஸ் பவுண்டு என்னும் பாதிரியார். இந்தப் பவுண்டுக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்களுக்குச் சமயகுருவாக அவர் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர். பின்னர், மீகாங் ஆற்று முகத்துவாரத்திற்கு அப்பால் உள்ள புலோ கொண்டோர் தீவுக்குச் சென்றார். அங்கே 1705-ஆம் ஆண்டில் காவற்படையினர் கிளர்ந்தெழுந்து குடியேற்றத்தைத் தீக்கிரையாக்கியபோது, படகில் ஏறித் தப்பிய மிகச் சிலருள் அவரும் ஒருவர். அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் யாவும் அழிந்தன. இங்கிலாந்து மீண்ட அவர், வான்ஸ்டெடு என்னும் ஊரில் பணியேற்று, ஓய்வு நேரங்களில் வானத்தை ஆராய்ந்தார். மருமகனைத் தம்முடன் இருத்திக் கருவிகளைக் கையாளப் பழக்கியவர் அவரே. பிராட்லி 1721-ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் வானநூற் பேராசிரியரானார்.

மாலினோவின் கருவியைச் செய்து தந்தவர் ஜார்ஜ் கிரகாம் என்னும் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர். அது 24 அடி நீளமுள்ள தொலைநோக்கி. மாளிகையின் புகைபோக்கியோடு பிணைத்து, மேல்தளங்களில் துளையிட்டு, அதனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டனர். அருகே ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. அக்குண்டின் நூலிலிருந்து தொலைநோக்கி எவ்வளவு விலகுகின்றது என்பதை நுண்ணிய திருகாணி ஒன்று அளந்து காட்டியது. அவர்கள் நோக்கியது நாக வடிவினதாகிய திராக்கோ கூட்டத்தைச் சேர்ந்த காமா என்னும் விண்மீன். அது இலண்டனில் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே கடந்து செல்லும். உச்சியில் உள்ள மீனின் ஒளி காற்று மண்டலத்தில் வளையாமல் நேரே வரும். ஆதலால், காற்றினால் விளையும் பிழைக்கு அங்கு இடமில்லை.

1725-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் முதல் அளவு எடுக்கப்பட்டது. கணக்கின்படி, இந்த விண்மீன் டிசம்பரில்தான் தன் தென்கோடியில் இருக்கவேண்டும். ஆதலின், மேலும் சில வாரங்கட்கு அதன் இடத்தில் மாறுதல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. எனினும், 17-ஆம் நாள் பிராட்லி மீண்டும் நோக்கியபோது மீன் சிறிதளவு தெற்கே நகர்ந்திருந்தது. கருவியில் பிழை இருக்குமோ என்று ஐயுற்றுச் சோதித்தனர், பிழை இல்லை. மீனோ தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. மார்ச்சு மாதத்தில் நின்றது. பிறகு வடக்கே திரும்பியது. ஜூனில் தொடங்கிய இடத்தை அடைந்து, அதனையும் கடந்து, செப்டம்பரில் வடகோடியைத் தொட்டது. மறுபடியும் டிசம்பர் வந்தபோது பழைய இடத்திலேயே இருந்தது.

இந்நகர்வின் அளவு எவ்வளவு? வட்டத்தை 360 பாகைகளாகவும், ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பர். மீன் தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் 20 விகலை அளவே பெயர்ந்தது. ஒரு செண்டிமீட்டர் நீளமுள்ள புளியங்கொட்டையை நூறு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால், அது கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைத்துத் தோன்றுமோ அவ்வளவே இது. 24 அடித் தொலைநோக்கியின் அடிமுனையை முக்கால் மில்லிமீட்டர் அளவுகூட நகர்த்த வேண்டியதில்லை. ஆயினும், அம்முக்கால் மில்லிமீட்டர் பிராட்லியை உறங்கவிடவில்லை என்று கூறலாம். நகர்வு உண்டு, அஃது ஆண்டுக்கு ஒருமுறை சுழல்கின்றது, ஆனால், எதிர்பார்த்த காலத்திற்கு மூன்று மாதம் தவறி நிகழ்கின்றது. ஆகவே, அஃது இடமாறு தோற்றம் அன்று. பின் யாது?

பூமியின் அச்சு சிறிது ஆடுகின்றதோ என்பது அவர்கள் முதலில் எண்ணிய காரணம். அச்சு ஆடினால், துருவத்தின் ஒருபுறமுள்ள மீன் தெற்கே செல்லும்போது, மறுபுறமுள்ள மீன் அதே அளவு வடக்கே செல்லவேண்டும். மறுபுறத்தில் ஒரு சிறு மீனைத் தேர்ந்து பார்த்தனர். அது வடக்கே சென்றது. ஆனால், பாதி அளவே சென்றது. எனவே, அக்காரணம் பொருந்தவில்லை. காற்று மண்டலத்தின் வடிவம் மாறுகின்றதோ என்று எண்ணினர். அதுவும் பொருந்தவில்லை. பாதி பொருந்தினாலே போதும் என்று மனநிறைவு கொள்ளும் ஆராய்ச்சியாளர் அந்நாளிலும் இருந்தனர். பிராட்லி அவர்களுள் ஒருவர் அல்லர்.

பல மீன்களை நோக்கினாலன்றி உண்மை புலப்படாது என்று உணர்ந்த பிராட்லி, பன்னிரண்டரை அடி நீளமுள்ள மற்றொரு கருவியைக் கிரகாமிடம் செய்வித்தார். தாய்மாமன் 1724-ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். அவருடைய மனைவியார் வான்ஸ்டெடில் வாழ்ந்த இல்லத்திலேயே கூரையையும் தளத்தையும் துளைத்து, 1727-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அக்கருவி நிறுவப்பெற்றது. தம் வீட்டுக் கூரை துளைக்கப்படுவதற்கு இசைந்த அந்த அம்மையாருக்கும் இக்கண்டுபிடிப்பில் பங்கு உண்டு என்றே கூறவேண்டும். ஓராண்டு முழுவதும் பல விண்மீன்களை நோக்கிய பிராட்லி, அவை யாவும் தத்தமக்குரிய முறையில் ஆண்டுக்கு ஒருமுறை அசைவதைக் கண்டார். காரணம் மட்டும் தெரியவில்லை.

1728-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் நண்பர்களோடு தேம்ஸ் ஆற்றில் பாய்மரப் படகில் சென்றார் என்பர். பாய்மரத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டி ஒன்று இருந்தது. படகு திரும்பும் போதெல்லாம் அதுவும் சிறிது திரும்பியது. ‘படகு திரும்பும் போதெல்லாம் காற்றும் திரும்புவது வியப்பாக உள்ளதே!’ என்று அவர் படகோட்டிகளிடம் கூறினார். காற்று திரும்பவில்லை என்றும், படகின் போக்கு மாறுவதாலேயே அவ்வாறு தோன்றுகின்றது என்றும் அவர்கள் விடையிறுத்தனர். ஆண்டுக்கணக்கில் மனத்தில் கிடந்த முடிச்சு அப்போது அவிழ்ந்தது.

அவர் கண்ட விளக்கத்தை மழையைக் கொண்டு எளிதில் அறியலாம். காற்று வீசாத வேளையில் மழை நேர்செங்குத்தாகப் பெய்கின்றது. நீங்கள் நின்றுகொண்டிருந்தால் குடையை நேரே பிடிக்கின்றீர்கள். விரைந்து நடந்தால் குடையை முன்புறமாகச் சாய்க்கின்றீர்கள். இல்லையேல் மார்பு நனைந்துவிடும். மழை சாயவில்லை; உங்கள் நடையால் அது சாய்ந்து வருவதுபோலத் தோன்றுகின்றது. திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் சாய்வும் எதிர்ப்புறமாக மாறும். விண்மீனின் ஒளியே மழை, தொலைநோக்கியே குடை, நடப்பது பூமி. குழாயின் மேல்வாயில் புகுந்த ஒளி கீழ்முனையை அடைவதற்குள், பூமி அக்குழாயைச் சிறிது முன்னே கொண்டுபோய்விடுகின்றது. ஆதலின், பூமி செல்லும் திசை நோக்கிக் குழாயைச் சாய்த்தாலன்றி மீன் அகப்படாது. 24 அடிக் குழாயை ஒளி கடக்கும் இமைப்பொழுதினும் சிறிய பொழுதில் பூமி ஓடும் தொலைவே அந்த முக்கால் மில்லிமீட்டர்!

மூன்று மாதத் தவறுதலும் இதனால் விளங்கிவிட்டது. இடமாறு தோற்றம் பூமி எங்கே இருக்கின்றது என்பதைப் பொறுத்தது. இச்சாய்வோ பூமி எத்திசையில் ஓடுகின்றது என்பதைப் பொறுத்தது. வட்டப் பாதையில் ஓடும் பொருளுக்கு, நடுவிலிருந்து அதன் இடத்தைக் காட்டும் கோடும், அஃது ஓடும் திசையும் செங்கோணத்தில் அமையும். வட்டத்தில் கால் பங்கு என்பது ஆண்டில் மூன்று மாதம் அன்றோ? இந்நிகழ்ச்சியை ஒளிப்பிறழ்ச்சி என்று இன்று வழங்குகின்றோம். அருகில் உள்ள மீனாயினும் தொலைவில் உள்ள மீனாயினும் இதன் பேரளவு ஒன்றே. பூமி அசையாது நின்றால் இத்தகைய ஆண்டுச் சுழற்சி தோன்றவே வழியில்லை. அளவற்ற தொலைவில் உள்ள விண்மீன்கள் யாவும் நம் பூமியின் ஓராண்டுக் காலத்தோடு தாளம் தவறாமல் ஆடுகின்றன எனின், ஆடுவது அவை அல்ல என்பது தெளிவு.

ஒளியின் விரைவும் இதனாலேயே கிடைத்தது. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரங்களைக் கொண்டு, ஒளி செல்வதற்குக் காலம் வேண்டும் என்று ரோமர் என்பார் 1676-ஆம் ஆண்டில் கூறியிருந்தார். அதனைப் பலர் ஒப்பவில்லை. சாய்வின் அளவிலிருந்து, ஒளி பூமியைவிட ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு விரைந்து செல்வதாகப் பிராட்லி கணக்கிட்டார். அவ்வாறாயின், சூரியனின் ஒளி நம்மை அடைய 8 நிமிடம் 12 விநாடி ஆகும் என்றார். இன்றைய அளவு 8 நிமிடம் 19 விநாடி. புகைபோக்கியில் கட்டிய குழாயைக் கொண்டு பெற்ற விடை இது என்பதை எண்ணுங்கால் வியப்பு மிகுகின்றது.

தம் முடிவைப் பிராட்லி, அரசாங்க வானநூலறிஞராக இருந்த எட்மண்டு ஹாலிக்கு ஒரு கடிதமாக எழுதினார். 1729-ஆம் ஆண்டு ஜனவரியில் அஃது இராயல் சங்கத்தின் அறிஞர் அவையில் படிக்கப்பெற்றது. இம்முயற்சியைத் தொடங்கிய மாலினோ அதனைக் கேட்கும் பேறு பெறவில்லை; 1728-ஆம் ஆண்டு ஏப்பிரலிலேயே அவர் காலமாகிவிட்டார். ஹாலி மறைந்த பின் 1742-ஆம் ஆண்டில் அப்பதவி பிராட்லிக்கே கிடைத்தது. முன்பு அவர் ஒதுக்கிய அச்சின் ஆட்டமும் முற்றிலும் பொய்யன்று. ஒளிப்பிறழ்ச்சியைக் கழித்த பிறகும் மிஞ்சிய மிகச் சிறு வேறுபாட்டை அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினார். சந்திரனின் ஈர்ப்பால் பூமியின் அச்சு பதினெட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒருமுறை மெல்லத் தலையசைக்கின்றது என்பதை அவர் 1748-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் முதலில் தேடிய இடமாறு தோற்றம் மட்டும் அவர் வாழ்நாளில் எவருக்கும் அகப்படவில்லை. காமா மீனுக்கு அது ஒரு விகலையளவு இருந்திருப்பினும் தம் கருவி காட்டியிருக்கும் என்று அவர் எழுதினார். 1838-ஆம் ஆண்டில் பெஸ்ஸல் என்னும் ஜெர்மானிய அறிஞர் வேறொரு விண்மீனிடத்தில் அதனை அளந்தார். அங்கும் அஃது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கே. பிராட்லி நோக்கிய காமா மீனோ 150 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. அதன் இடமாறு தோற்றம் விகலையில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே உள்ளதாக இக்காலக் கருவிகள் காட்டுகின்றன.