தங்கச்சி டிகிரியில ஒரு 'கம்பெனி செமஸ்டர்': சேர்க்கிறதுக்கு முன்னாடி 3 கேள்விகள்



போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன்ல ஒரு கிளையண்ட் பிடிச்சுக்கிட்டார். மெப்ஸ்ல வேலை. "சார், தங்கச்சியை பிஎஸ்சி கெமிஸ்ட்ரி சேர்க்கிறேன். ஒரு செமஸ்டர் முழுக்க கம்பெனியிலதானாம். ஃபீஸையும் கட்டிட்டு, அங்க போய் சும்மா வேலை பார்க்கணுமா?"

சும்மா இல்லைங்க. யுஜிசியோட 2025 வழிகாட்டுதல்படி, அப்ரண்டிஸ்ஷிப் சேர்ந்த மூணு வருஷ டிகிரியில 1 முதல் 3 செமஸ்டர் வரை நிறுவனத்துல பயிற்சி. அதுக்கு கிரெடிட்டும் உண்டு, ஸ்டைபெண்டும் உண்டு.

எங்க சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்பும் இதே மாதிரிதான். நான் 3 வருஷம் பண்ணேன். இப்போ 2 வருஷம். பேங்க் ஸ்டேட்மென்ட்ல 40 ரூபாய் இடிக்குதுன்னு ராத்திரி வரை தேடின பாடம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

சரி, காசுக்கு வருவோம். 2019 விதிகள்படி டிகிரி அப்ரண்டிஸுக்கு குறைஞ்சபட்சம் மாசம் 9,000 ரூபாய். ஆறு மாசத்துக்கு 54,000. (இன்றைய தொகையை நாட்ஸ் போர்டல்ல பார்த்துக்கோங்க.) ஆனா இது சம்பளம் இல்ல. அப்ரண்டிஸ் சட்டப்படி அவங்க பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்ல. அதனால பிஎஃப் கிடையாது. பயிற்சி முடிஞ்சதும் வேலை தரணும்னு கம்பெனிக்குக் கட்டாயமும் இல்ல.

அதனால காலேஜ்ல இந்த மூணையும் கேளுங்க:

1. ஒப்பந்தம் நாட்ஸ் போர்டல்ல பதிவாகுமா? பதிவானாதான் ஸ்டைபெண்டுல அரசோட பங்கு வரும். நம்மகிட்டயே காசு வாங்கிட்டு சர்டிபிகேட் தர்ற 'இன்டர்ன்ஷிப்' வேற, இது வேற.

2. என்ன வேலை? மருந்து கம்பெனி லேப்ல ஹெச்பிஎல்சி மெஷின்ல கை பழகினா, அது ரெஸ்யூமேல பேசும். ஆறு மாசம் டேட்டா என்ட்ரின்னா கிரெடிட் மட்டும்தான் மிஞ்சும்.

3. கம்பெனி எங்க? தாம்பரத்துல இருந்து ஆலத்தூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தினமும் போய் வரணும்னா, பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் கழிச்சுப் பாருங்க. 9,000-ல பாதி அங்கேயே போயிடலாம்.

கிளையண்ட் கடைசியா கேட்டார்: "அந்த 54,000-ஐ நம்பி ஃபீஸுக்கு பர்சனல் லோன் போடலாமா?"

வேண்டாம்னு சொன்னேன். அந்த செமஸ்டரோட லாபம் ஸ்டைபெண்ட் இல்ல. முதல் இன்டர்வியூல "இதை நான் செஞ்சிருக்கேன்"னு தங்கச்சி தைரியமா சொல்றதுதான். ஃபீஸை உங்க சேமிப்புல இருந்து திட்டமிடுங்க. ஸ்டைபெண்ட் அவங்க அக்கவுண்ட்லயே இருக்கட்டும். அவங்க முதல் ஆர்டியை அதுலயே ஆரம்பிக்கலாம்!