மரத் தோணியின் பொருத்துகளை எபொக்சிப் பசையால் இணைத்தல்

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் அயலில் பயிர் செய்யும் கமக்காரருக்குத் தோணி இருப்பின், அதுவும் மண்வெட்டியைப் போல ஒரு கருவியே. மண்வெட்டி பழுதானால் வேலை நிற்கும். நடுநீரில் தோணியின் பொருத்து விட்டாலோ உயிருக்கே ஆபத்து.

முற்காலத்தில் ஓடாவிமார் பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பற்று இட்டனர். பலகை நனைந்து ஊதும்போது அது இறுகி நீரைத் தடுக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது; எபொக்சிப் பசை அப்போது விற்பனைக்கே வரவில்லை. எனவே பழைய முறையை இழிவாக எண்ணவேண்டாம்.

எபொக்சியின் இயல்பு வேறு. பிசினும் இறுக்கியும் கலந்தவுடன் இரசாயன மாற்றத்தால் அது கல்லைப்போல் இறுகிப் பலகைகளை அசையாது பிணைக்கும். ஆதலால் கலப்பற்றிட்ட பழைய தோணியின் ஈர இடுக்குகளில் இதனை ஊற்றுதல் தகாது. பலகை ஊதிச் சுருங்கும்போது பசை விட்டுப்போகும், அல்லது மரமே பிளக்கும். உலர்ந்த பலகையால் புதிதாகக் கட்டும் தோணிக்கே இது ஏற்றது. 1970களில் இம்முறையைப் பரப்பிய மிச்சிகன் மாநிலத்துக் கூஜன் சகோதரர், பொருத்தை ஒட்டுவதோடு நில்லாது, ஈரம் புகாதவாறு பலகையின் எல்லா முகங்களுக்கும் பசை பூசினர்.

மலைநாட்டு மழையில் மரத்தை உலர்த்துவதே பெரும்பாடு. ஈரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு துண்டை நிறுத்து, எடை மேலும் குறையாத வரை இளஞ்சூட்டு அடுப்பில் உலர்த்தி மீண்டும் நிறுக்கவும். 560 கிராம் துண்டு 500 கிராமானால் ஈரம் நூற்றுக்கு 12. இதற்கு மேற்படாதிருத்தல் நன்று.

கலவை விகிதம் தகரத்தில் குறித்தபடியே இருத்தல்வேண்டும். விரைவில் இறுகுமென்று இறுக்கியைக் கூட்டினால் பசை மென்மையாகவே நின்றுவிடும். நுவரெலியாக் குளிரில் இறுகுதல் மிகவும் தாமதிக்கும். குளிருக்குரிய விரைவு இறுக்கியை வாங்கி, கலக்குமுன் தகரங்களை வெந்நீரில் வைத்துச் சூடாக்குக. கலந்ததை ஆழமான பாத்திரத்தில் விடாதீர்கள். தன் சூட்டாலேயே புகையத் தொடங்கும். அகன்ற தட்டே உகந்தது.

பொருத்து முகங்களை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, முதலில் தனிப் பசையை ஊறவிடுக. பின்னர் நுண்ணிய மரத்தூள் கலந்து தடிப்பாக்கிய பசையை இட்டுச் சேர்க்கவும். இடுக்கியை முழு வலுவோடு முறுக்குவது பலருக்குப் பழக்கம். அதனால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிப் பொருத்து வறண்டுபோகும். சிறிது பசை ஓரத்தில் பிதுங்கும் அளவே போதும்.

ஈரக்காற்றில் இறுகிய பசைமேல் மெழுகுபோன்ற படலம் தோன்றும். அதை நீரால் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு இடலாகாது. வெயில் இப்பசையைச் சிதைக்குமாதலால் மேலே வர்ணம் அவசியம். வேலை முடியும்வரை கையுறையைக் கழற்றாதீர்கள்; தோலில் ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பின்னர் சிறிதளவு பசை பட்டாலும் கொப்பளிக்கும்.